நான் படித்துக் காட்டாத முதல் வரி

தம்பி,

இதை நான் உட்கார்ந்து எழுதவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாலு வரி எழுதுவதும், எழுந்து தெருமுனை வரை போவதும், திரும்பி வந்து அதே நாலு வரியைப் படித்துப் பார்ப்பதுமாக விடிந்ததிலிருந்து கிடக்கிறேன். "செருப்பு தேயறதுக்குள்ள எழுதி முடிச்சிடுங்க" என்கிறாள் உன் அம்மா. பயந்துவிடாதே. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அவளுக்கும் ஒன்றுமில்லை, சர்க்கரை சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. பூங்கா வெள்ளி விழா மலருக்கு நீ சிங்கப்பூரிலிருந்து எழுதி அனுப்பினாயே ஒரு கட்டுரை, அதுதான் என்னை இந்தப் பாடு படுத்துகிறது.

நேற்றுக் காலையில் நடைப்பயிற்சிச் சங்கத் தலைவர் அச்சுப்படியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். "பையன் என்னமா எழுதியிருக்கான் பாருங்க சார், எனக்கே கண்ணு கலங்கிடுச்சு" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். 'பூட்டைத் திறந்த கை' என்று தலைப்பு வைத்திருக்கிறாய். போராடி வந்த கூலிக்காரப் பெண்களுக்காக, மேலதிகாரி உத்தரவை மீறி, தன் வேலையைப் பணயம் வைத்துப் பூங்காவின் கதவைத் திறந்துவிட்ட காவலாளியின் மகன் நான் என்று எழுதியிருக்கிறாய். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். என் வாயிலிருந்து நீ கேட்ட கதையை என்னைவிட நன்றாகச் சொல்லியிருக்கிறாய். படித்து முடித்ததும் தலைவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "காபி சாப்பிட்டுட்டுப் போங்க" என்று சொல்லி வைத்தேன்.

வியாழக்கிழமை மலர் அச்சுக்குப் போகிறது. சனிக்கிழமை நீ வந்து இறங்குகிறாய். ஞாயிற்றுக்கிழமை மாலை எனக்கு மேடை போட்டுச் சால்வை போர்த்தப் போகிறார்கள். அதற்குள் நீ இதைப் படித்தாக வேண்டும். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நீ "சரி விடுங்கப்பா, அதெல்லாம் பழைய கதை" என்று ஒரே வாக்கியத்தில் என்னை மன்னித்துவிடுவாய், நானும் அப்பாடா என்று இருந்துவிடுவேன். தபாலில் போட்டால் நீ கிளம்பிய பிறகுதான் போய்ச் சேரும். அதனால் கடைத்தெரு எஸ்டிடி பூத்தில் ஃபேக்ஸ் அனுப்பப் போகிறேன். அங்கே உட்கார்ந்திருக்கிற பெண் ஒரு வரி விடாமல் படிப்பாள், சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கச் சொல்வாள். சொல்லட்டும். இது உனக்கு மட்டும் எழுதுகிற கடிதம் இல்லை.

உனக்குத் தெரிந்த பூங்கா வேறு. நீ சறுக்குமரத்தில் கால்சட்டையைக் கிழித்துக்கொண்டு வந்த பூங்காவில் சவுக்கெல்லாம் வளர்ந்து கூரை போட்டிருந்தது. நான் சொல்வது அது திறந்து ஒரு வருஷம்கூட ஆகாத காலம். சவுக்கு இடுப்பு உயரம். உப்புக் காற்றுக்கு எந்தப் பூச்செடியும் தாக்குப்பிடிக்காது, அரளியும் நித்தியகல்யாணியும்தான் பிழைத்தன. நடுவில் எட்டு மூலை வைத்துக் கட்டிய ரேடியோ அறை, அதன் தலையில் நாலு பக்கமும் ஒலிபெருக்கி. வாசலைத் தாண்டினால் நல்ல தண்ணீர்க் குழாய். கடற்கரையோரத்தில் வாயில் வைக்கிற மாதிரி தண்ணீர் வந்தது அந்த ஒரு குழாயில்தான், எங்கே தோண்டினாலும் உப்பு. காலையில் குப்பத்துப் பெண்கள் குடத்தோடு வந்து வரிசை கட்டுவார்கள். காவலாளியும் நான், தோட்டக்காரனும் நான், ரேடியோ போடுகிறவனும் நான். கட்சிக்காக ஊர்ச்சுவரெல்லாம் எழுதிய கைக்கு, நம் ஆட்சி வந்த பிறகு கிடைத்த நகராட்சி வேலை அது. வாசல் பலகையையும் என்னையே எழுதச் சொன்னார்கள். நீலத்தில் வெள்ளை எழுத்து. முதல் வரி, 'இப்பூங்கா அனைவருக்கும் பொது.' அதன் கீழே சின்னதாகத் திறக்கும் நேரம், காலை ஆறு முதல் ஒன்பது, மாலை நாலு முதல் எட்டு. சைக்கிளில் போகிறவர்கள் நிறுத்தி இறங்கி அந்த எழுத்தைப் பார்ப்பார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

சாயங்காலம் ஆறரை மணிச் செய்திக்கு ஊரே வந்துவிடும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஜவுளிக்கடை வைத்திருந்த மரைக்காயர், வக்கீல் குமாஸ்தாக்கள், வெள்ளிக்கிழமையானால் குழந்தைகளோடு பெண்கள். தலைமையாசிரியர் டில்லியைத் திட்டுவார், மரைக்காயர் தலைமையாசிரியரைக் கிண்டல் பண்ணுவார். "மேட்டூர் அணையின் இன்றைய நீர்மட்டம்" என்று ரேடியோ ஆரம்பித்தால் போதும், கடலை வறுக்கிறவன்கூட வாணலியைத் தட்டுவதை நிறுத்திவிடுவான். ரேடியோவை ஒட்டிய முதல் பெஞ்சு மேற்கே உள்ள பெரிய மிராசுதாரின் காரியஸ்தருக்கு. அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் அவர் வருகிறவரை அதில் ஒருத்தரும் உட்கார மாட்டார்கள். வயல்வேலை முடிந்து ஊருக்குள் வந்த கூலிக்காரர்கள் பூங்காவுக்கு வெளியே, கழுத்தளவுச் சுவரில் துண்டை மடித்துப் போட்டு முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்று கேட்பார்கள். அணையில் தண்ணீர் எவ்வளவு என்பது அவர்களுக்கும் வயிற்றுப் பிரச்சினைதானே. அவர்களை யாரும் தடுக்கவில்லை என்று நான் எத்தனையோ கூட்டத்தில் பெருமையாகப் பேசியிருக்கிறேன். யாரும் உள்ளே கூப்பிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். வாசலில் சாவியோடு நின்றவன் நான்தான். "உள்ள வாங்க, பெஞ்சுல உக்காருங்க" என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அந்த வருஷம் சம்பா நன்றாக விளைந்திருந்தது. மேற்கே, அந்த மிராசுதாரின் வயல்கள் இருக்கிற வேலங்காவெளியில் அறுப்புக்கு முன்னால் கூலித் தகராறு. அறுத்துக் கொடுக்கிற ஒவ்வொரு கலம் நெல்லுக்கும் கூலியாக இன்னும் கொஞ்சம் நெல் கூட்டிக் கொடுக்கச் சொன்னார்கள் கூலிக்காரர்கள். மிராசுதார் முடியாது என்று லாரி வைத்து வெளியூர் ஆளைக் கொண்டுவந்து இறக்கினார். இவர்கள் வயலில் இறங்கி மறித்தார்கள். கைகலப்பு. போலீஸ் வந்து ஆண்களையெல்லாம் வண்டியில் ஏற்றி நம் ஊர் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டது. மறுநாள் காலையில் அவர்களுடைய சேரித் தெருப் பெண்கள், முப்பது நாற்பது பேர் இருக்கும், கைக்குழந்தைகளோடு ஏழு மைல் நடந்து மனுக் கொடுக்க வந்தார்கள். தாலுகா ஆபீஸில் "ஐயா கேம்ப் போயிருக்காரு, சாயங்காலமா வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் வரை எங்கே போவார்கள்? உச்சி வெயிலில் கடற்கரைக்கு வந்தார்கள். மணல் கொதித்தது. பூங்கா வாசலில் வந்து நின்றார்கள்.

நான் உள்ளே நின்றேன், கதவில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. மறுநாள் அமைச்சர் வந்து செயற்கை நீரூற்றைத் திறந்துவைப்பதாக இருந்தது. புதிதாகப் புல் பதித்திருந்தோம். "நாய்கூட உள்ள நுழையக் கூடாது" என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இதுவரை உனக்குத் தெரிந்த கதைதான். இனிமேல்தான் உனக்குத் தெரியாதது.

வாசலுக்கு முன்னால் நின்ற பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். இடுப்பில் ஒரு பெண் குழந்தை, மூன்று நான்கு வயது, கழுத்து ஒரு பக்கமாகத் துவண்டு கிடந்தது. "ஐயா, புள்ளைக்கு நாக்கு வறண்டு போச்சு. அந்தக் கொழாயில ஒரு வாயி தண்ணி புடிச்சிக்கிறோமுங்க" என்றாள். "நாலு மணிக்குத்தான் தொறப்போம், போர்டுல போட்டிருக்கு பாரு" என்றேன். "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. என்னங்க போட்டிருக்கு?" என்றாள். குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். நான் படித்துக் காட்டினேன் தம்பி. "மாலை நாலு முதல் எட்டு வரை" என்று அந்த இரண்டாவது வரியை மட்டும் படித்துக் காட்டினேன். முதல் வரி அதைவிட மூன்று மடங்கு பெரிய எழுத்து, என் கையால் எழுதியது, என் கண் முன்னால் இருந்தது. அதை விட்டுவிட்டேன்.

மேற்பார்வையாளரின் உத்தரவுக்குப் பயந்துதான் முதலில் தயங்கினேன் என்று கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன், அதற்குக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். அதுவும் பொய். மேற்பார்வையாளர் பெரிய சூரர் ஒன்றுமில்லை, ஒரு குடம் தண்ணீர் கொடுத்ததற்காக என் தலையை வாங்கிவிட மாட்டார். ரோட்டுக்கு அந்தப் பக்கம், சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு காரியஸ்தர் நின்றிருந்தார். அந்தப் பெண்கள் எங்கே போகிறார்கள், யார் அவர்களுக்கு இடம் கொடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். உன் தாத்தா சாகுபடி செய்த மூன்று ஏக்கர் அவருடைய முதலாளியின் குத்தகை நிலம். அவர் என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். நிலம் உழுகிறவனுக்கே சொந்தம் என்று எத்தனை சுவரில் எழுதியிருப்பேன்! அந்த ஒரு ஆள் பார்த்த பார்வைக்கு ரேடியோ அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இங்கே எழுந்துவிட்டேன். பூங்கா வரை போய்விட்டு வந்தேன். மேடைக்குக் கீற்று இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். "என்ன சார், இப்பவே வந்துட்டீங்க?" என்று கேட்டான் பந்தல்காரன். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். சிரிக்கவும் தெரிகிறது பார் எனக்கு.

அப்போது நீ உன் அம்மா வயிற்றில் ஆறு மாதம். பூங்காவுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறை வீட்டிலிருந்து, பின்பக்கப் படல் வழியாகத் தூக்குச்சட்டியில் எனக்குச் சோறு கொண்டுவந்தாள். என்னைப் பார்த்தாள், ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்தாள். "என்னங்க அது?" என்றாள். "நாலு மணிக்குத் தொறப்பேன்" என்றேன். "அந்தப் புள்ளை கண்ணு சொருகுதே." ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தாள். நான் தடுக்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் சங்கிலி உருவி விழுகிற சத்தம் கேட்டது, பிறகு குழாய்ச் சத்தம். நான் வெளியே வந்தபோது புல்தரை முழுக்கப் பெண்கள். எனக்குக் கொண்டுவந்த சோற்றில் நீர் ஊற்றிக் கரைத்து உன் அம்மா அந்தக் குழந்தைக்குப் புகட்டிக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்குள் விஷயம் பரவிவிட்டது. கடைத்தெரு ஆட்கள் வந்தார்கள், நம் கட்சிக்காரர்கள் வந்தார்கள், விவசாயச் சங்கத்துக்காரர்கள் வந்தார்கள், கடைசியாக மேற்பார்வையாளரும் இரண்டு போலீஸ்காரரும் வந்தார்கள். "எவன்யா தொறந்தது?" என்று அவர் கத்தினார். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். "நான்தான் தொறந்தேன்" என்றேன். உன் அம்மாவைக் காப்பாற்றச் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் உண்மை அதில் இருக்கிறது. ஆனால் அந்தக் கூட்டத்தைப் பார்த்ததும் எனக்குள் ஒரு ஆசை எழும்பியது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். மத்தியானம் அறைக்குள் சுருண்டு கிடந்தவன் நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு நடந்ததெல்லாம் உனக்கு மனப்பாடம். தற்காலிக வேலைநீக்கம், எனக்காக ஊர்வலம், அமைச்சர் வராமல் போனது, திரும்ப வேலையில் சேர்ந்த அன்று பூங்கா வாசலில் மாலை. உன் தாத்தாவின் குத்தகையையும் அந்தப் போகத்தோடு பிடுங்கிவிட்டார்கள். அவர் சாகிறவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. விலை கொடுத்துவிட்டேன், அதனால் பொருளும் என்னுடையதுதான் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில்தான் பொய் என் மனசில் வசதியாகப் படுத்துத் தூங்கியது. உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பூங்காவைச் சுற்றும்போது இந்தக் கதையைத்தான் சொல்வேன். ஒரு தடவை பூட்டை உடைத்தேன் என்றேன், இன்னொரு தடவை போலீஸ்காரன் தடியைப் பிடித்தேன் என்றேன். நீ கண்ணை அகல விரித்துக்கொண்டு கேட்பாய். ஒருநாள் சாப்பிடும்போது, "அம்மா, நீ அப்ப எங்க இருந்தே?" என்று கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? "நான் சோறு கொண்டாந்தேன்டா" என்று சொல்லிவிட்டு உன் தட்டில் ரசத்தை ஊற்றினாள். நான் தலையைத் தூக்கவில்லை.

உனக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் அப்பன் வாய் சும்மா இருக்காது, இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ அங்கே கட்டட வேலையில் சூப்பர்வைசர். உன் கீழே நம் ஜில்லாப் பையன்கள் வேலை பார்ப்பதாக எழுதியிருந்தாய். உன் கம்பெனியும் உன் கையில் ஒரு பலகையைக் கொடுத்திருக்கும், அதிலும் இரண்டு வரி இருக்கும். எந்த வரியைப் படித்துக் காட்டுகிறோம் என்று அந்த நேரத்தில் ஒரு நிமிஷம் நிதானி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் யார் நின்று பார்க்கிறார்கள் என்பதையும் கவனி. நமக்கு நியாயமாகத் தோன்றுகிற பாதிக் காரணங்கள் அவர்களுடைய பார்வையிலிருந்து வருகின்றன.

சரி, நேற்றைக்கு வருகிறேன். தலைவர் போனதும் உன் அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது என்றாள், இறக்கி வைத்துவிட்டு வா என்றேன். அச்சுப்படியைக் காட்டினேன். "இதை மாத்தச் சொல்லப் போறேன். நீதான் தொறந்தேன்னு பையனுக்கு எழுதப் போறேன். சால்வையை உனக்குத்தான் போடணும்னு மேடையிலேயே சொல்லிடப் போறேன்" என்றேன். சொல்லும்போதே என் குரல் தழுதழுத்தது. எவ்வளவு பெரிய மனசு எனக்கு என்று எனக்கே தோன்றியது, போயேன். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"நான் தொறந்தேன்னு யாரு சொன்னா உங்களுக்கு?"

"நீதானே சாவியை எடுத்துக்கிட்டுப் போனே?"

"எடுத்துக்கிட்டுப் போனேன். அப்புறம் என்ன நடந்துச்சுன்னு இருபத்தஞ்சு வருஷத்துல ஒருநாள் கேட்டிருப்பீங்களா? அந்தக் காரியஸ்தன் சைக்கிளை உருட்டிக்கிட்டு நேரா வாசலுக்கே வந்து நின்னான். 'தொறந்துடுவியா நீ?'ன்னான். எனக்குக் கை அந்த நடுக்கம் நடுங்குச்சு, சாவி பூட்டுக்குள்ளேயே போகலை. அந்தப் பொண்ணு கம்பிக்குள்ள கையை விட்டு, 'கொடுங்கம்மா, நீங்க மாட்டிக்காதீங்க, புள்ளைத்தாச்சி'ன்னு வாங்கிச்சு. அவன் பாத்துக்கிட்டு நிக்கறான், அது பாட்டுக்குத் தொறந்துச்சு. தொறந்து, சாவியை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துச்சு."

"ஏன் சொல்லலை?" என்றேன்.

"அன்னிக்குச் சொல்லியிருந்தா அதை ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போயிருப்பாங்க. நீங்க 'நான்தான்'னு சொன்னப்ப அது உங்க முதுகுக்குப் பின்னாடிதான் நின்னுச்சு. என்னைப் பாத்துச்சு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அன்னிக்குச் சொல்லாதது சரிதாங்க. ஆம்பளைங்களை விட்டு, கேஸ் எல்லாம் முடிஞ்சு, உங்களுக்கு மாலை போட்டாங்களே, அதுக்கப்புறமும் சொல்லாதது? அது நம்ம ரெண்டு பேரு தப்பும்தான். எனக்குச் சால்வை போடறேங்கறீங்க, அதை எங்க கொண்டு வச்சிக்கறது நான்?"

அந்தப் பெண்ணின் பெயர் காத்தாயி. எனக்கு நேற்றுத்தான் தெரியும். உன் அம்மாவுக்கு இருபத்தைந்து வருஷமாகத் தெரியும். நீ பிறந்தபோது காத்தாயி ஒரு மரக்கால் புது அவல் கொண்டுவந்து கொடுத்தாளாம், நான் கூட்டத்துக்குப் போயிருந்தேனாம். வருஷத்துக்கு ஒருமுறையாவது அம்மா வேலங்காவெளிக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள். "தங்கச்சி வீட்டுக்குப் போறேன்" என்று அவள் சொல்லும்போதெல்லாம் கும்பகோணத்தில் இருக்கிற உன் சித்தி வீட்டுக்கு என்று நான் நினைத்திருக்கிறேன். காலையில் போய் மத்தியானமே எப்படித் திரும்பி வருகிறாள் என்றுகூட எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. நான் எப்பேர்ப்பட்ட ஆள் பார்.

"ஞாயித்துக்கிழமை அந்தம்மாவை மேடைக்கு அழைச்சிட்டு வரேன்" என்றேன். உடனே கிளம்புகிறவன் மாதிரி சட்டையைக்கூட எடுத்துவிட்டேன்.

"அது செத்து மூணு வருஷமாச்சு" என்றாள். "நான் போயி மாலை போட்டுட்டு வந்தேன். உங்களையும் கூப்பிட்டேன். தெரிஞ்சவங்க ஒருத்தங்க தவறிட்டாங்க, வாங்கன்னு சொன்னேன். பார்க்ல சங்கக் கூட்டம் இருக்குன்னீங்க."

சட்டையை மாட்டியபடி நின்றேன். எங்கே போவது என்று தெரியவில்லை. போய்ச் சொல்ல ஒரு ஆள் இல்லை என்று ஆனபிறகு, இருபத்தைந்து வருஷம் எவ்வளவு நீளம் என்று தெரிகிறது. ஆயிரம் சாயங்காலம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து கதை சொல்லியிருக்கிறேன், ஏழு மைல் தூரத்தில் அவள் நாற்று நட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். என் பெயர் அவள் காதில் விழாமலா இருந்திருக்கும்? என் ஒவ்வொரு பாராட்டையும் கேட்டுவிட்டு அவள் என்ன நினைத்திருப்பாள்? அம்மாவிடம் கேட்டேன். "ஒருதடவை சிரிச்சிச்சு. 'ஐயாவுக்குப் பொறத்தால நின்னது நல்லதாப் போச்சு, மூஞ்சியைப் பாத்திருந்தா நானும் கைதட்டியிருப்பேன்'னு சொல்லிச்சு" என்றாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு உட்காரவும் முடியவில்லை நிற்கவும் முடியவில்லை.

அந்தக் குழந்தை இருக்கிறாள். மலர்க்கொடி. தஞ்சாவூரில் நர்ஸ் படிப்பு முடித்து, திருவாரூர்ப் பக்கம் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாளாம். ஞாயிற்றுக்கிழமை விடுமுறைக்கு ஊருக்கு வருவாளாம். அன்றைக்கு அவளைப் பார்க்கப் போகிறேன். இன்று காலையில்தான் தலைவர் வீட்டுக்குப் போய், ஞாயிறு சாயங்காலம் நான் மேடைக்கு வர மாட்டேன், சால்வை வேண்டாம் என்று சொன்னேன். இதைச் சொல்ல உன்னையே அவருக்குப் போன் பண்ணச் சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் புத்தி போனது, அதை அதட்டி உட்கார வைத்துவிட்டுத்தான் போனேன். "பந்தல் போட்டாச்சு சார், நோட்டீஸ் அடிச்சாச்சு, இப்பப் போயி இப்படிச் சொன்னா?" என்று அவர் கோபித்துக்கொண்டார். நடந்ததை முழுக்கச் சொன்னேன். "இதையெல்லாம் வெளியில சொல்லணுமா சார்? யாருக்கு லாபம்?" என்றார். நல்ல மனிதர், என் நன்மைக்குத்தான் சொல்கிறார். நானும் இப்படித்தான் நேற்று வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உன் கட்டுரையில் நான் கை வைக்கவில்லை. அது நீ எழுதியது, நீயேதான் மாற்ற வேண்டும். வியாழக்கிழமை காலைக்குள் அனுப்பினால் போட்டுவிடுவதாகத் தலைவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். காத்தாயி என்று எழுது. உன் அம்மா சாவியை எடுத்ததையும் எழுது. நான் எந்த வரியைப் படித்துக் காட்டினேன் என்பதையும் எழுது. என்னைக் காப்பாற்றுகிற மாதிரி ஒரு வாக்கியம் சேர்க்க உனக்குக் கை வரும், சேர்க்காதே. இதைப் படித்துவிட்டு என்மேல் உனக்கு வெறுப்பு வந்தால் அதையும் நான் தாங்கிக்கொள்வேன். நான் சொன்ன கதையில் இருந்த அப்பாவை நீ நேசித்தாய். இந்த அப்பாவை நேசிப்பாயா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பயம்தான் இத்தனை வருஷம் என் வாயைக் கட்டிப்போட்டது.

இன்று மத்தியானம், கடைசி இரண்டு பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கும்போது, "ஞாயித்துக்கிழமை நீயும் வர்றியா?" என்று உன் அம்மாவைக் கேட்டேன். "எனக்கு வழி தெரியும், நான் எப்ப வேணாப் போவேன். நீங்க போங்க" என்றாள். பழம் வாங்கிக்கொண்டு போகவா, புடவை எடுத்துக்கொண்டு போகவா என்றெல்லாம் கேட்டேன். முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். "ஒண்ணும் வேணாம். வாசல்ல நின்னு பேசிட்டு, மன்னிச்சிக்கம்மான்னு சொல்லிட்டு வந்துடாதீங்க. உள்ள போயி உக்காருங்க. தண்ணி கேட்டு வாங்கிக் குடிங்க" என்றாள்.

"குடிக்காம என்ன?" என்றேன்.

"அந்தத் தெருவுல ஏதாவது ஒரு வீட்டுல, இதுவரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிச்சிருக்கீங்களா?"

என்னடா கேள்வி இது, முப்பது வருஷக் கட்சிக்காரனிடம் கேட்கிற கேள்வியா என்று சுள்ளென்று வந்தது. வாயைத் திறந்தேன். எத்தனை தேர்தலுக்கு அந்தத் தெருக்களுக்குப் போயிருக்கிறேன் என்று ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்தேன். டீக்கடை பெஞ்சில் அவர்களோடு உட்கார்ந்திருக்கிறேன், தோளில் கை போட்டுப் போட்டோ எடுத்திருக்கிறேன், குழந்தைகளைத் தூக்கிப் பெயர் வைத்திருக்கிறேன். சொம்பை நீட்டியபோதெல்லாம், "இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். ஒரு வீட்டில்கூடக் குடித்ததில்லை தம்பி.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி வேலங்காவெளி பஸ்ஸுக்குப் போகிறேன். நீ என்னோடு வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

அப்பா